பகிர்ந்த தாளும் பகிராத பதிவேடும்

கொட்டிவாக்கத்தில் கிழக்கே போனால் கடல். மேற்கே போனால் பக்கிங்காம் கால்வாயைக் கடந்து பழைய மகாபலிபுரம் சாலை. அந்தச் சாலையையும் தாண்டினால் தரமணி. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், அடையாற்றுப் பக்கம் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், கிண்டிக் காட்டையொட்டி ஐ.ஐ.டி.யும் அமைந்திருப்பதால், கடற்கரைக்கும் இந்த ஸ்தாபனங்களுக்கும் இடைப்பட்ட தெருக்களில், மாடியறை ஒன்றை இருவர் மூவராக வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உபகாரச் சம்பளம் இந்த மாதமாவது தேதி தவறாமல் வருமா என்ற கவலையோடு, ஐந்தாறு ஆண்டுகள் ஒரே கேள்வியைச் சுமந்து திரியும் ஆராய்ச்சி மாணவர்களை எப்போதும் காணலாம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று விஞ்ஞானத்தின் நடைமுறையில் உண்டாக்கிய மாறுதல்களைப் பேசுவோர் பெரும்பாலும் தடுப்பூசியையும் பெரிய ஆய்வுக்கூடங்களையுமே பேசுகிறார்கள். நிரந்தர வேலை இன்னும் கைகூடாத இந்த இளையோர் அந்நாட்களில் என்ன செய்தார்கள், செய்ததற்கு என்ன பெற்றார்கள், கேட்டும் கிடைக்காமல் போனது எது என்பவற்றை இந்த வட்டாரத்தை மையமாக வைத்துப் பார்ப்பது, அந்தப் பெரிய கதையில் விடுபட்டுப்போன ஒரு பகுதியை நிரப்ப உதவும்.

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அறிவிப்பு வந்து இரண்டே நாளில், மார்ச் 26ஆம் தேதி, ஆர்க்கைவ் என்னும் மின் சேமிப்பகத்தில் இரண்டு பௌதிக ஆராய்ச்சியாளர்கள் எழுதிய சிறு தாள் ஒன்று வெளியாயிற்று. ஒருவர் ரோனோஜாய் அதிகாரி. தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர், அப்போது கேம்பிரிட்ஜிலும் பணியாற்றி வந்தவர். மற்றவர் ராஜேஷ் சிங். அதே நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்து, பின் கேம்பிரிட்ஜில் தற்காலிக ஆய்வாளராக இருந்த இளைஞர். இருவருக்கும் நோய்த்தொற்று பழக்கமான துறையன்று. திரவத்தில் தாமாகவே நீந்திச் செல்லும் நுண்துகள்களின் இயக்கமே அவர்கள் அதுவரை ஆராய்ந்துவந்த விஷயம். ஆனால் ஆயிரக்கணக்கான துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சமன்பாடுகளால் தொடரத் தெரிந்தவர்களுக்கு, மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நோய் பெறுவதைத் தொடர்வது எட்டாத காரியமன்று. ஜனத்தொகையை வயதுவாரியாகப் பிரித்து, வீடு, பணியிடம், பள்ளி, பிற இடம் என்று சந்திப்புகளை நான்காகப் பகுத்து, ஊரடங்கில் வீட்டுச் சந்திப்பு மட்டுமே மிஞ்சும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 21 நாள் போதாது, கதவைத் திறந்ததும் தொற்று மறுபடி எழும் என்று அந்தத் தாள் கூறியது. இடையே ஐந்து நாள் தளர்வு விட்டு ஊரடங்கைத் தொடரலாம், அல்லது ஒரேயடியாக 49 நாள் அடைத்து வைக்கலாம் என்பன அது முன்வைத்த மாற்று வழிகள்.

தாளின் முடிவைவிட முக்கியமானது அது வெளிவந்த விதம். கணக்கைச் செய்த நிரலை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. பைரோஸ் என்று பெயரிட்டு எவரும் எடுத்து ஓட்டிப் பார்க்கவும் திருத்தவும் கூடியதாகப் பொதுவில் வைத்தார்கள். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் வேலை தொடங்கி, 1897இல் செகந்தராபாதில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவரும், தொற்றின் போக்கைச் சமன்பாடுகளில் எழுத முதன்முதலில் முயன்றவர்களுள் ஒருவருமான ரொனால்டு ராஸின் நினைவாக வைத்த பெயர் அது. பிறகு கேம்பிரிட்ஜில் பலர் கூடி அந்த நிரலை விரிவாக்கினார்கள். ராஜேஷ் சிங் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார்.

அந்தத் தாள் பலித்ததா என்று கேட்பது நியாயம். 49 நாள் முடிந்தது மே 12ஆம் தேதி. அன்று சென்னை கோயம்பேட்டுத் தொற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஆசியாவின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றான கோயம்பேடு மே 5ஆம் தேதியே மூடப்பட்டும், அங்கிருந்து ஊர் திரும்பிய கூலியாட்களும் வியாபாரிகளும் வழியே கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் சென்றுவிட்டது. அடுத்த மாதம் 19ஆம் தேதி சென்னைக்கும் அதையொட்டிய மாவட்டங்களின் சில பகுதிகளுக்கும் மறுபடி முழு ஊரடங்கு பிறந்தது. சமன்பாடு பிழையானது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். எந்த வயதினர் எந்த வயதினரை எவ்வளவு சந்திக்கிறார்கள் என்ற அட்டவணை அந்தக் கணக்குக்கு அடிப்படை; இந்தியாவுக்கு அப்படி அளந்து எடுத்த அட்டவணை கையில் இல்லாததால், ஐரோப்பிய நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பை நமது ஜனத்தொகைக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்றவாறு மாற்றி ஊகித்த ஓர் அட்டவணையையே அவர்கள் பயன்படுத்த நேர்ந்தது. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு மூட்டைகளுக்கிடையே தோளோடு தோள் உரச நிற்கும் கோயம்பேட்டுக் கூட்டம் எந்த ஐரோப்பிய நகரத்தின் அட்டவணையில் அகப்படும்? நிரலை உலகுக்கு வழங்குவது ஆராய்ச்சியாளரின் மனத்தைப் பொறுத்தது. ஊரிலிருந்து யாரும் திரட்டித் தராத தகவலை அவர் எங்கே போய்த் தேடுவார்?

ஏறக்குறைய இதே வேளையில், அரசு ஆணை எதுவும் இன்றி, விஞ்ஞானிகள் தாமாக ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கோவிட்-19க்கு இந்திய விஞ்ஞானிகளின் எதிர்வினை என்ற பெயரில் 2020 மார்ச் மாதக் கடைசியில் உருவான அந்தத் தன்னார்வக் குழுவில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தனர். மூத்த பேராசிரியர்களும் உண்டு, ஆய்வேட்டை முடிக்காத மாணவர்களும் உண்டு. மாநிலவாரியாகத் தொற்றைக் கணிக்கும் ஒரு மாதிரியை அதன் கிளைக் குழு ஒன்று அமைத்தபோது, தரமணியிலிருந்து சிதாப்ரா சின்ஹா, பினாகி சௌதுரி, தீரஜ் ஹஸ்ரா ஆகியோர் அதில் பங்குகொண்டார்கள். ஹஸ்ராவின் சொந்தத் துறை பிரபஞ்சவியல். பிரபஞ்சத்தின் தொடக்கக் கணங்களை ஆராய்ந்தவர் மாநிலங்களின் தொற்றுக் கணக்கைப் பார்க்க வந்தார் என்பதை விசித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. அரைகுறையான அளவீடுகளிலிருந்து பின்னால் மறைந்திருப்பதை ஊகித்தறிவதே இரண்டு இடத்திலும் வேலை. ஒரு நோயாளி சராசரி எத்தனை பேருக்கு நோயைக் கடத்துகிறார் என்ற எண்ணைச் சின்ஹா தொடர்ந்து கணக்கிட்டு வெளியிட்டதும், அதைப் பத்திரிகைகள் வாரந்தோறும் தேடி வாங்கிப் பிரசுரித்ததும் அக்காலத்து வாசகர் நினைவில் இருக்கும்.

அந்தக் குழுவின் வேறொரு பணி, கணக்கைவிடக் கடினமானது என்று நான் கருதுவது, வதந்திக்கு மறுமொழி எழுதுவது. மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கன்று, 14 மணி நேரம் ஒருவரும் வெளியே வராதிருந்தால் கிருமி தானே மடிந்துபோகும் என்று நாடெங்கும் கைபேசிகளில் ஒரு செய்தி பரவியது. இத்தகையவற்றை எடுத்து, எது மெய், எது பொய், ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தமிழ் உள்ளிட்ட பல பாஷைகளில் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் இது முற்றிலும் புதிய பழக்கமன்று. வக்கீல் தொழிலிலிருந்த பெ. நா. அப்புஸ்வாமி விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதத் தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நாற்பது ஆண்டுகளாகக் கிராமங்களில் கூட்டம் போட்டு வருகிறது. ஆயினும், ஆங்கிலத்தில் தாள் எழுதினால் மட்டுமே முன்னேற்றம் என்று இருக்கும் ஒரு மாணவர், அம்மாவுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதில் பெயரும் போடாமல் அனுப்பிய காரியம் எந்தப் பதவி விண்ணப்பத்திலும் ஏறவில்லை.

இங்கே சற்று நின்று, இந்த வட்டாரத்தின் முற்கால வழக்கம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். மயிலாப்பூர் லஸ் அருகே ஏகாம்ர நிவாஸம் என்று ஒரு வீடு. அரசியலமைப்பு நிர்ணய சபையில் பெரும் பங்காற்றிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயருடையது. அவருடைய குமாரர் அல்லாடி ராமகிருஷ்ணன், சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்து வந்தவர், 1957-58இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு ஸ்தாபனத்தில் ஓராண்டு தங்கி, உலகின் முன்னணி நிபுணர்கள் வாரந்தோறும் வந்து அச்சேறாத தங்கள் முடிவுகளைப் பேசி விவாதிப்பதைக் கண்டு, அப்படியொரு சூழலைச் சென்னை மாணவர்களுக்கும் உண்டாக்க வேண்டும் என்ற ஆவலோடு திரும்பினார். கட்டடமும் பணமும் இல்லாத நிலையில் தம் வீட்டையே கருத்தரங்கக் கூடமாக்கினார். சென்னை வழியே போன பேரறிஞர்கள் அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டார்கள்; மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்து அந்த இளையோர் குழுவைக் கண்டு வியந்து பேசினார். மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் 1961இல் நேரு அந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி, வான்பௌதிக அறிஞர் எஸ். சந்திரசேகர் முன்னிலையில், ‘மாட்சயன்ஸ்’ என்று வெகுகாலம் அழைக்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தரமணிக்கு அது பின்னால் வந்தது.

அந்நாளில் முன்பதிப்பு, அதாவது அச்சுக்கு முந்திய ஆய்வுத் தாள், என்பது, எழுதியவர் தமக்கு வேண்டியவர்களுக்குத் தபாலில் அனுப்பும் தட்டச்சுப் பிரதி. பெரியவர்களுக்கு அறிமுகமானவர் பெற்றார். அறிமுகமில்லாதவர் பத்திரிகை அச்சாகிக் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருந்தார். ஏகாம்ர நிவாஸத்தின் பெருமை, தனக்கு வந்த பிரதியையும் விருந்தினரையும் மாணவர்களுக்குப் பொதுவாக்கியது. 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் ஆர்க்கைவைத் தொடங்கியபோது அந்த அறிமுகத் தடையும் போயிற்று; அதன் இந்தியப் பிரதித் தளத்தை வெகுகாலம் தாங்கியது தரமணியிலிருந்த இந்த நிறுவனமே. பௌதிகத்தாரும் கணிதத்தாரும் முப்பது ஆண்டு பழகிய இவ்வழக்கத்துக்கு உயிரியலார் 2013இலும், வைத்திய ஆராய்ச்சியாளர் 2019இலுமே தங்களுக்கென்று சேமிப்பகம் கண்டார்கள். ஆகவே பெருந்தொற்று வந்தபோது, உயிரியல் மாணவருக்குப் புதுமையாக இருந்தது தரமணி மாணவருக்கு அன்றாடப் பழக்கம். இந்த வட்டாரத்துப் பௌதிகத்தார் அத்தனை விரைவில் களமிறங்கியதன் காரணத்தில் பாதியேனும் இதுதான்.

விரைவில் ஆபத்தும் உண்டு. 2020 ஜனவரி 31ஆம் தேதி, தொற்று குறித்த ஆய்வு முடிவுகளையும் தரவுகளையும் உடனுக்குடன் பகிர்வோம் என்று உலகின் பல நிதி நிறுவனங்களும் பத்திரிகைகளும் கூட்டறிக்கையில் உறுதி கூறின. அதே நாளில், புதிய கிருமியின் புரதத்தில் எய்ட்ஸ் கிருமியின் கூறுகளை ஒத்த செருகல்கள் இருப்பதாகக் கூறும் தாள் ஒன்றை டில்லி ஐ.ஐ.டி. முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் உயிரியல் சேமிப்பகத்தில் ஏற்றினார்கள். கிருமி மனிதன் செய்தது என்ற வதந்திக்கு அது தீனியாயிற்று. உலகெங்குமிருந்து உயிரியல் ஆய்வாளர்கள் அந்தச் செருகல்கள் பிற கிருமிகளிலும் எத்தனையோ உயிரிகளிலும் காணப்படும் சாதாரணத் துண்டுகளே என்று சுட்டிக்காட்டினார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். முன்பதிப்பை எதிர்ப்பவர்கள் எடுத்துக்காட்டும் கதை இது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: மதிப்பீட்டாளர்கள் படித்து ஒப்புக்கொண்டு, மே 22ஆம் தேதி லான்செட் பத்திரிகையில் வெளியான ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் பற்றிய தாள், அதற்கு ஆதாரமான மருத்துவமனைத் தகவலை எவருக்கும் காட்ட முடியாமல் ஜூன் 4ஆம் தேதி வாபஸ் ஆயிற்று. அதற்குள் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையையே சில நாள் நிறுத்தி வைத்தது. முன்னதில் பிழை தாளிலேயே கிடந்தபடியால் இரண்டு நாளில் அகப்பட்டது; பின்னதில் மூலத் தகவல் மறைந்திருந்தபடியால் தாமதமாயிற்று. முன்பதிப்பா, மதிப்பீடா என்ற வழக்கு இரண்டாம்பட்சம் என்றே நினைக்கிறேன். மூலத் தகவலைப் பார்க்க முடிந்ததா என்பதே முதல் வினா.

அந்த வினாவைத் தமிழ்நாட்டிடம் கேட்டால் பதில் ஒரே சீராக இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் மாலையில் வெளியிட்ட அறிக்கையில் இறந்த ஒவ்வொருவரின் வயது, பாலினம், முன்னிருந்த நோய், மருத்துவமனை ஆகியவை குறிக்கப்பட்டன. பல மாநிலங்கள் வெறும் எண்ணோடு நின்ற காலத்தில் இது பாராட்டத்தக்கது. நாடெங்கிலுமிருந்து தன்னார்வ இளைஞர்கள் இத்தகைய அறிக்கைகளைப் படித்து, கணினி ஏற்கும் வடிவில் கையால் எழுதிச் சேர்த்து, 2021 அக்டோபர் 31 வரை ஒரு பொதுத் தொகுப்பை நடத்தினார்கள். உலகத்துப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவைப் பற்றி எழுதிய எத்தனையோ தாள்கள் அந்தக் கையுழைப்பின்மீது நிற்கின்றன. ஆனால் 2020 ஜூலை 22ஆம் தேதி, விடுபட்டுப்போன 444 மரணங்கள் ஒரே நாளில் சென்னைக் கணக்கில் சேர்க்கப்பட்டதும் இதே மாநிலத்தில்தான். கணக்கை மறு ஆய்வு செய்து ஒப்புக்கொண்டது நேர்மை. அதுவரை பழைய எண்களைக்கொண்டு மாதிரி அமைத்தவர்களின் நிலையும் நினைக்கத்தக்கது.

தகவல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இங்கேயே உண்டு. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்புத் தடமறிதல் பதிவேடுகளிலிருந்து, 84,965 நோயாளிகளோடு தொடர்புடைய 5,75,071 பேரின் விவரங்களை எடுத்து ரமணன் லக்ஷ்மிநாராயண் குழுவினர் ஆராய்ந்து, 2020 செப்டம்பர் 30ஆம் தேதி சயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டனர். நோயாளிகளில் 71 சதவிகிதத்தினர் தம் தொடர்பினர் எவருக்கும் நோயைக் கடத்தியதாகத் தெரியவில்லை, சிலரே பலருக்குக் கடத்தினர் என்று அது காட்டியது. ஏழை நாடுகளில் தொற்று எப்படிப் பரவுகிறது என்பதற்கு அந்நாளில் அதற்கு நிகரான சான்று இல்லை. வெயிலில் வீடு வீடாகச் சென்று பெயரும் வயதும் எழுதிய சுகாதார ஊழியர்களின் உழைப்பு, இரு மாநில அதிகாரிகளும் ஆசிரியர்களாகச் சேர்ந்ததால், உலகுக்குப் பயன்பட்டது. அதிகாரியோடு அப்படியொரு கூட்டு அமைக்கும் செல்வாக்கு ஆய்வு மாணவனுக்கு ஏது?

2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருக்கையில், முந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பிரதமருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் குவிந்திருக்கும் பரிசோதனைத் தகவல்கள் அரசுக்கு வெளியே எவருக்கும் எட்டுவதில்லை, அரசுக்குள்ளும் பலருக்கு எட்டுவதில்லை போலும் என்பது அவர்கள் முறையீடு. அரசின் முதன்மை விஞ்ஞான ஆலோசகர் உடனே பதில் அளித்து, தகவல் பெறும் வழி வகுக்கப்படும் என்றார். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் தொற்று கண்டது. அலைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அலையின் நடுவே கேட்கவேண்டி வந்ததே துரதிருஷ்டம்.

இத்தனையும் செய்த இளையோரின் சொந்த வாழ்க்கை அப்போது எப்படி இருந்தது? காகிதமும் கணினியும் போதும் என்ற துறையினர் ஊருக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்கள். உயிரணு வளர்த்தவர்களும் விலங்குகளைப் பேணியவர்களும் பல மாத உழைப்பை ஒரே வாரத்தில் இழந்தார்கள். 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டபோது அவர்களில் பெரும்பாலோர், ஆய்வுக்கூட வேலைக்காக முதலில் திரும்ப அழைக்கப்பட்டு விடுதிகளில் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடு சமர்ப்பிக்க ஆறாறு மாதமாக அவகாசம் நீட்டித்தது. ஆனால் உபகாரச் சம்பளத்தின் காலம் ஐந்தாண்டுக்கு மேல் நீளாது என்றும் அதே அறிவிப்பில் எழுதியது. அவகாசம் கிடைத்தது, அந்த அவகாசத்தில் உண்பதற்கு வழி கூறப்படவில்லை. 31,000 ரூபாயாக இருந்த தொடக்க உபகாரச் சம்பளம் 2023இல்தான் 37,000 ஆயிற்று. பல நாடுகளில் எடுத்த கணக்குகள், தொற்றின் முதல் மாதங்களில் பெண்களை முதலாசிரியராகக் கொண்ட தாள்களின் விகிதம் குறைந்ததைக் காட்டின. பள்ளி மூடிய வீட்டில் குழந்தையும் சமையலும் யார் தலையில் விழுந்தன என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை. இதற்கு நடுவே ஒரு நன்மையும் விளைந்தது: கருத்தரங்குகள் இணைய வழியில் நடந்தபடியால், ஊரோடு முடங்கிய மாணவி, பயணச் செலவும் விசாவும் இன்றி, தன் துறையின் தலைவர்களைக் கேள்வி கேட்டாள். கூடங்கள் மறுபடி திறந்ததும் பல இடங்களில் அந்த வாசலைச் சாத்திவிட்டார்கள். சோம்பலைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தொற்றுக்குப் பின் நடந்தவற்றில் பெரியது, 2024 நவம்பர் 25ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளோர் படிக்கலாம். இதே பதிப்பகங்களில் சில, தொற்றுத் தாள்களை இலவசமாகத் திறந்துவிட்ட 2020ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே, சந்தாத் தாள்களைக் கட்டணமின்றித் தரும் ஸை-ஹப் தளத்தை முடக்கக் கோரி டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன என்பதை மறப்பதற்கில்லை. மதுரைக் கல்லூரியொன்றில் பயிலும் மாணவருக்குச் சந்தாத் திட்டம் உண்மையான உபகாரமே. ஆயினும் அது பிறர் எழுதி முடித்த தாளைப் படிக்கத்தான் வழி செய்கிறது. 2022 நவம்பரில் மானியக் குழு வெளியிட்ட விதிகளில் முனைவர் பட்டத்துக்குத் தாள் பிரசுரம் கட்டாயம் என்ற நிபந்தனை நீங்கியபோதும், ஆசிரியர் நியமனத்தில் தாள்களின் எண்ணிக்கையே கேட்கப்படுகிறது; தமிழில் எழுதிய வதந்தி மறுப்புக்கும், பொதுவில் வைத்த நிரலுக்கும், கையால் பெயர்த்த அறிக்கைக்கும் அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

தேனாம்பேட்டை மருத்துவ இயக்குநரக வளாகத்தில் மாநில அரசு 2021 செப்டம்பரில் தன் சொந்த மரபணுப் பகுப்பாய்வுக்கூடத்தைத் திறந்தது. பொது சுகாதாரத் துறையின் பதிவேடுகளும் அந்த வளாகத்தைச் சேர்ந்தவையே. அங்கிருந்து தரமணிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகலாம். பெயரும் முகவரியும் நீக்கி, வட்டாரம், வயது, நோய் கண்ட நாள் ஆகியவற்றை மட்டும் வைத்து, கேட்கும் ஆய்வு மாணவருக்கு ஒரு விண்ணப்பத்தின்மீது வழங்க ஏற்பாடு செய்வதற்கு இன்னொரு பெருந்தொற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையோடு சென்னைக்கு டெங்கு வருகிறது. வரும் ஐப்பசியிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.